டோக்கன் நம்பர் எட்டு

ஜூன் 1, ஞாயிறு

காலைலயே வெக்கை. மேகம் இருக்கு, மழை இல்லை. சீசன்ல ஞாயித்துக்கிழமையும் டூட்டி. மாம்பழக் கூழ் கம்பெனிக்கு லீவு எல்லாம் ஆடி வந்தாத்தான். கேட்டுக்கு வெளிய பத்தொன்பது வண்டி, அத்தனையும் பெங்களூரா மாங்காய்.

மேனேஜர் வெங்கடேஷ் சார் நேத்து சொன்னதை வார்த்தை மாறாம எழுதி வைக்கணும். பின்னாடி மாத்திப் பேசுவாரு. "ஏனம்மா தமிழு, சனிக்கிழமை முதலாளி வர்றாரு. அது வரைக்கும் உன் கம்ப்யூட்டர் டோக்கன் சண்டை இல்லாம ஓடட்டும். ஓடுச்சுன்னா உன்னை ரோல்ல ஏத்தச் சொல்லி நானே கேக்கறேன். இல்லைன்னா சீசன் முடிஞ்சதும் நீயும் கெளம்பு." சாட்சி: டீ கொண்டு வந்த அக்கா.

மூணு வருஷமா நான் சீசன் ஆள். மே மாசம் போன் பண்ணிக் கூப்பிடுவாங்க. ஆகஸ்ட்ல மாங்கொட்டையோட சேத்து வெளிய தள்ளிடுவாங்க. ரோல்ல ஏறினா வருஷம் பூரா வேலை, பி.எஃப்., கம்பெனி பஸ். சூளகிரில இருந்து ஸ்கூட்டில வந்து முதுகு போச்சு.

இது வரைக்கும் எடை வரிசை டோக்கன்னா செக்யூரிட்டி மாதையன் அண்ணன்தான். பிஸ்கட் அட்டையைக் கிழிச்சு ஸ்கெட்ச் பேனால நம்பர் எழுதிக் குடுப்பாரு. அவர் மச்சான் வண்டி வந்தா நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நாலரை. எட்டு கிடையவே கிடையாது. 7, 7ஏ, அப்புறம் 9. "எட்டு சனியன் நம்பர்மா, எவன் வாங்குவான்?"

என்கிட்டயா சொல்றாரு. எங்கப்பா கருப்புச் சட்டைக்காரர். வேணும்னே ராகுகாலம் பாத்து எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சவரு. பத்து வருஷமா நல்லாத்தான் இருக்கோம். குமாரைக் கேட்டா வேற சொல்லுவான்.

ஜூன் 2, திங்கள்

புழுக்கம். கேட் ஆபீஸ் ஃபேன் சுத்துது, காத்து மட்டும் வரலை.

டோக்கன் அடிக்கற குட்டி புரோகிராம், பேட்ச் ஃபைல், எழுதி முடிச்சாச்சு. மொத்தம் இருபத்தி மூணு வரி. ஐடிஐ-ல படிச்சது பாதி, யூடியூப் பாதி. வேலை சுலபம்: நான் என்டர் தட்டினா, ஒரு ஃபைல்ல இருக்கற கடைசி நம்பரைப் படிக்கும், ஒண்ணு கூட்டும், சீட்டு அடிக்கும், புது நம்பரை அதே ஃபைல்ல எழுதி வச்சுக்கும். தினமும் காலைல முதல்ல இருந்து. நம்பர் ரெண்டு எழுத்துல வரணும்னு மேனேஜர் ஆர்டர். வெறும் 1-ன்னு வந்தா ஒல்லியா இருக்காம். அதனால 01, 02.

டெஸ்ட்:
01 முதல் 05 வரைக்கும் - சரி.
ஃபைல்ல 40 போட்டு 41, 42 - சரி.
97 போட்டு 98, 99 - சரி.
பாஸ்.

மேனேஜர் வந்து பாத்தாரு. "ஆய்தா?" ஆச்சு சார். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வச்சாரு. தேங்காய் ஒடைக்கணும்னாரு. தண்ணி தெறிச்சா பிரிண்டர் போயிடும் சார்னு கெஞ்சி, எலுமிச்சம்பழத்தோட நிறுத்தினேன். மாதையன் அண்ணன் ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. "இதுல எட்டு வருமாம்மா?" வரும்ணா. "பாத்துக்க." அவ்வளவுதான் சொன்னாரு.

வீட்ல கத்தரிக்காய் தீஞ்சு போச்சு. குமார் ஓசூர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தீஞ்சதையும் சேத்துச் சாப்பிட்டான். பாவம்.

ஜூன் 3, செவ்வாய்

எழுதவே கூசுது.

காலைல ஏழு மணிக்கு ஆரம்பம். 01, 02, 03... டிரைவருங்க சீட்டை மோந்து பாக்கறாங்க, புதுசாம். 07 வரைக்கும் தேர் மாதிரி ஓடுச்சு. அடுத்தது வேப்பனப்பள்ளி ரவணப்பா, டிராக்டர். வாரத்துக்கு மூணு லோடு கொண்டு வர்ற ஆளு. டிராக்டர் மூக்குல எலுமிச்சை மெளகாய் மாலை. சீட்டு வந்துச்சு: 08.

"எனிமிதா? வத்து தல்லி, வத்து!" ரெண்டு கையும் பின்னாடி கட்டிக்கிட்டாரு. சீட்டைத் தொடவே மாட்டேங்கறாரு.

அண்ணா, இது வெறும் நம்பர்ணா, ஒம்பதுக்கு முன்னாடி வரும், ஏழுக்குப் பின்னாடி வரும், ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு பிரசங்கம் பண்ணிட்டு, அவரை ஓரமா நிக்கச் சொல்லிட்டு அடுத்த வண்டிக்கு என்டர் தட்டினேன்.

08.

மறுபடி தட்டினேன். 08. அடுத்த வண்டி, 08. அதுக்கடுத்தது, 08. ஸ்கிரீன்ல ஒரு கறுப்பு ஜன்னல் திறக்குது, கண் மூடித் திறக்கறதுக்குள்ள மூடிடுது, சீட்டு வருது, 08. எட்டு வேணாம்னவனுக்கும் எட்டு, அவனைப் பாத்துச் சிரிச்சவனுக்கும் எட்டு. கேட்ல ஆறு பேரு ஆறு எட்டோட நிக்கறாங்க. ஒருத்தன் கன்னடத்துல திட்டறான், ஒருத்தன் தெலுங்குல. நாகரசம்பட்டிக்காரர் ஒருத்தர் மட்டும் சுத்தமான தமிழ்ல திட்டினாரு, அதான் ரொம்ப வலிச்சுது.

மாதையன் அண்ணன் உள்ள வந்தாரு. கற்பூரம் ஏத்தி சிபியு-வுக்கு மூணு சுத்து சுத்தினாரு. கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

மேனேஜர்: "அய்யோ தேவரே. இன்னைக்கி அட்டையே குடுங்கப்பா."

பாத்ரூம்ல போயி அஞ்சு நிமிஷம் அழுதேன். வேலை போயிடும்னு பாதி, மாதையன் மூஞ்சியைப் பாக்கணுமேன்னு பாதி. மூஞ்சி கழுவிட்டு வந்தா வெளிய 7ஏ-ன்னு கத்தறாரு, அத்தனை சந்தோஷமா.

குமார் கேட்டான், "அது எப்புடி கரெக்டா எட்டுல நின்னுச்சு?" எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா. ராகுகாலம்னு ஆரம்பிச்சான். தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

ஜூன் 4, புதன்

ரெண்டு சொட்டு மழை. மண்ணு நனையலை, துணி மட்டும் நனைஞ்சுது.

கேட்ல அட்டை ஓடுது. நான் கம்ப்யூட்டர் முன்னாடி. மேனேஜர் மதியம் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு.

அந்தக் கறுப்பு ஜன்னல்ல என்னமோ எழுதி வருது, நான்தான் உடனே அழிக்கற மாதிரி ஒரு வரி போட்டிருக்கேன், பாக்க அழகா இருக்கணும்னு. அழகுல தீ வைக்க. அந்த வரியை எடுத்தேன். இப்ப தெரியுது: செல்லாத நம்பர்னு சொல்லுது. எது செல்லாது? 08 செல்லாதாம்!

யூடியூப்ல ஒரு தம்பி சொன்ன மாதிரி, கூட்டற வரில சதவீதக் குறியை எடுத்துப் பாத்தேன். 08-க்கு அப்புறம் 01 வந்துச்சு. முன்னேற்றம். எட்டாவது ஆளுக்கு அடுத்தவன் திரும்ப முதல் ஆளாயிடுவான். பழையபடியே வச்சேன்.

பதினொன்றரைக்குக் கிடைச்சுது. நம்பருக்கு முன்னாடி பூஜ்யம் இருந்தா இந்தக் கம்ப்யூட்டர் அதை எட்டின் கணக்குன்னு எடுத்துக்குமாம். அந்தக் கணக்குல 0-ல இருந்து 7 வரைக்கும்தான் எழுத்து. எட்டுங்கற எழுத்தே கிடையாது. ஒம்பதும் கிடையாது. 40, 41, 98-க்கு எல்லாம் முன்னாடி பூஜ்யம் இல்லை, அதான் டெஸ்ட்ல தப்பிச்சுது. ஒல்லியா இருக்குன்னு மேனேஜர் போடச் சொன்ன பூஜ்யம்!

ஆக, கம்ப்யூட்டருக்கும் ஏழுக்கு அப்புறம் எட்டு கிடையாது.

இதை மாதையன் அண்ணன்கிட்ட செத்தாலும் சொல்லக் கூடாது. ஃப்ளெக்ஸ் அடிச்சு கேட்ல மாட்டிடுவாரு.

வைத்தியம்: நம்பருக்கு முன்னாடி ஒரு 1-ஐ ஒட்டிடு. 08 நூத்தி எட்டாயிடும். அப்புறம் நூறைக் கழிச்சுட்டு ஒண்ணு கூட்டு. ஒம்பது. இவ்வளவுதான். இதுக்கா நேத்து அழுதேன்.

இந்தத் தடவை 01-ல இருந்து 99 வரைக்கும் ஒண்ணு விடாம அடிச்சுப் பாத்தேன். ஒரு ரோல் காலி. ஸ்டோர்ல கேட்டா பிரிண்டர் சரியில்லைன்னு சொல்லணும்.

ஜூன் 5, வியாழன்

வேலை செய்யுது! 07, 08, 09, 10. சாமி இல்லை, இருந்தா கும்பிட்டிருப்பேன்.

ஆனா 08 திரும்ப யாருக்கு? ரவணப்பாவுக்கு. வேணும்னு யாராச்சும் பண்ணுவாங்களா? அவரும் அப்படித்தான் நெனச்சாரு. "நேனேம் சேசேனு தல்லி?" நான் என்னம்மா பண்ணினேன்னு அழாத குறை. வீட்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரமாம். டிராக்டரை கேட்டுக்குக் குறுக்க நிறுத்திட்டு எறங்கி நின்னுட்டாரு. அரை மணி நேரம். பின்னாடி ஆரன் சத்தத்துல காது போச்சு.

மாதையன் அண்ணன் சமாதானம் பண்ணினாரு. "எட்டை விட்டுடும்மா, அடுத்ததைக் குடு. எடைமேடைல சிவா எட்டைத் தாண்டி ஒம்பதைக் கூப்பிட்டுக்குவான்." சரின்னு குடுத்துத் தொலைச்சேன்.

அங்கதான் வெனை. எட்டைத் தாண்டலாம்னா பன்னெண்டையும் தாண்டலாமே! பன்னெண்டுல இருந்து பதினஞ்சு வரைக்கும் நாலு டிரைவருங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க. "ஆளைக் காணோம், பதினாறைக் கூப்பிடு" அப்படின்னு மாதையன் அண்ணன் சிவாகிட்ட சொல்லிட்டாரு. பதினாறு யாரு? காவேரிப்பட்டினம் மச்சான். நாலு பேரும் டீ கிளாஸோட ஓடி வந்தாங்க. ஒரு கிளாஸ் ஒடைஞ்சுது, ஒரு சட்டை கிழிஞ்சுது. மேனேஜர் என்னைப் பாத்த பார்வை இருக்கே.

சாயங்காலம் எடைமேடை கம்ப்யூட்டர்ல இன்னொரு பேட்ச் ஃபைல் போட்டுட்டு வந்தேன். அது வரிசையா ஒவ்வொரு நம்பரா போர்டுல காட்டும். அந்த நம்பர் மேல ஏறி எடை போட்டு முடிச்சாத்தான் அடுத்தது. எடை பூஜ்யம்னு போட்டா ஏத்துக்காது. தாண்டற பட்டன் வேணும்னு சிவா கேட்டான். கிடையாதுன்னுட்டேன். யாராலயும் ஒரு நம்பரைத் தாண்ட முடியாது. நானே நெனச்சாலும் முடியாது.

இன்னைக்கிதான் வயித்துல கொஞ்சம் சோறு எறங்குச்சு.

ஜூன் 6, வெள்ளி

நல்ல வெயில். நல்ல நாள்னு எழுத வந்துச்சு, அடிச்சுட்டேன்.

அறுபத்தி மூணு வண்டி. சண்டை: பூஜ்யம். எட்டு ஒரு பாலக்காட்டு லாரிக்குப் போச்சு. அந்தாளு சீட்டைப் பாக்கவே இல்லை, டீ எங்க கிடைக்கும்னு மட்டும் கேட்டான். அவன் நல்லா இருக்கணும்.

மேனேஜர் தோளைத் தட்டற மாதிரி கையைத் தூக்கி, அப்புறம் நாற்காலியைத் தட்டினாரு. "நாளைக்கும் இப்படியே ஓடணும், ஆ?"

மாதையன் அண்ணன் முகம் வாடிக் கெடக்கு. மதியம் டப்பாவைத் திறந்து ரெண்டு ஒப்பிட்டு குடுத்தாரு, அவங்க வீட்டுப் போளி. சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன்: ஏண்ணா, நெசமாவே எட்டுல சனியன் இருக்குன்னு நம்பறீங்களா?

"நான் நம்பறனோ இல்லியோ. வெயில்ல நாலு மணி நேரம் நிக்கறவன். மாங்காய் அழுவுது, தூக்கமில்லை. அவன் கைல அவனுக்குப் பிடிக்காததைக் குடுத்தா சண்டைதான் வரும். குடுக்காம இருந்தா எனக்கென்ன கொறைஞ்சு போச்சு?"

அப்ப மச்சானுக்கு நாலரை?

"அது வேற." சிரிச்சுட்டாரு.

எரிச்சலா இருக்கு.

நாளைக்கி: பிரிண்டர் ரோல் 2, பச்சை சேலை அயர்ன், ஸ்கூட்டிக்குப் பெட்ரோல், கொஞ்சம் சீக்கிரம் கெளம்பணும். குமார் கேக்கறான், சனிக்கிழமையும் அதுவுமா முதலாளி முன்னாடி எட்டு யாருக்கு வரப் போகுதோன்னு. வாயைக் கழுவுடான்னேன்.

ஜூன் 7, சனி

வரிசையா எழுதிடறேன்.

காலைல ஆறே முக்காலுக்கு முதல் சீட்டு. எட்டு மணிக்குள்ள 07 வரைக்கும் குடுத்தாச்சு. அடுத்து கேட்ல யாரு? ரவணப்பா டிராக்டர். அவர் பின்னாடியே வெள்ளைக் கார். முதலாளி. பத்து மணிக்கு வர்றேன்னவரு எட்டு மணிக்கே வந்து நிக்கறாரு. கேட்ல ஒரு வழிதான். டிராக்டர் நகர்ந்தாத்தான் கார் உள்ள வர முடியும்.

என்டர் தட்டினேன். 08. எனக்குத் தெரியும், இருந்தாலும் சீட்டைச் சட்டுனு மடிச்சுட்டேன்.

ரவணப்பா ஜன்னல்ல எட்டிப் பாத்தாரு. "எந்த நம்பரு தல்லி?" சீட்டு என் உள்ளங்கைல மடிஞ்சிருக்கு, அவர் இன்னும் பாக்கலை. கார் ஒரு ஆரன் அடிச்சுது. சின்ன ஆரன்தான்.

குடுத்தா எறங்கி நின்னுடுவாரு. அரை மணி நேரம் முதலாளி வெயில்ல. என் வேலை அவ்வளவுதான். மூணு வருஷம்.

இன்னொரு தடவை என்டர் தட்டினேன். 09. அதைக் குடுத்தேன். 08-ஐக் கசக்கிக் கைப்பைக்குள்ள போட்டேன்.

ராகுகாலத்துல தாலி கட்டிக்கிட்டவ. எத்தனை பேருக்கு எத்தனை பிரசங்கம். ஒரு ஆரன் சத்தத்துக்கு வெளுத்துப் போச்சு சாயம். அப்பா இருந்திருந்தா திட்ட மாட்டாரு, சும்மா பாப்பாரு. அது இன்னும் மோசம்.

மாதையன் அண்ணன் எல்லாத்தையும் பாத்துட்டாரு. கேட்டைத் திறந்து விட்டாரு.

பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம்தான் உறைச்சுது, எடைமேடை!

போன் வந்துடுச்சு. சிவா, குசுகுசுன்னு: "அக்கா, போர்டுல எட்டு நிக்குது. எட்டைக் காணோம். ஒம்பது டிராக்டர் ரெடியா நிக்குது, அது ஏத்துக்க மாட்டேங்குது. முதலாளி இங்கதான் இருக்காரு." பின்னாடி கனமா ஒரு குரல்: "எட்டு யாருப்பா?"

அந்த ஃபைலைத் திறந்து மாத்தணும்னா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும். அந்த நாற்காலில முதலாளி. பூஜ்யம் போட முடியாது. தாண்டற பட்டன் கிடையாது. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது நான்தான், வேற யாரைச் சொல்ல?

மேனேஜர் யார்டுல இங்கயும் அங்கயும் ஓடறாரு. "எட்டு! எண்ட்டு! எனிமிதி!" மூணு பாஷைலயும் கூப்பிட்டாரு. யாரு வருவா? என் பைக்குள்ள கெடக்கற எட்டு எப்படி வரும்?

கைப்பையை எடுத்தேன். ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். "எங்கம்மா போற?" அப்படின்னாரு மாதையன் அண்ணன். எடைக்குண்ணா.

அறுபது டன் மேடை. லாரிங்க ஏறற எடம். நடுவுல நான், ஸ்கூட்டில, பச்சை சேலைல. அசையாம இருக்கணும்னு சிவா ஜன்னல்ல இருந்து சைகை காட்டறான். ஸ்டாண்டு போட்டு மேலயே உக்காந்தேன். வெளிய பெரிய போர்டுல செவப்பு எழுத்துல எடை வந்துச்சு: 180.

யார்டுல எவனோ ஒருத்தன்: "டேய், ஸ்கூட்டி நூத்தி பத்துடா. அப்ப அக்கா..." யார்டுலயும் கேட்லயும் நின்ன டிரைவருங்க அத்தனை பேரும் கழித்தல் கணக்கு போட்டாங்க. பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு வேகமா போட்டிருக்க மாட்டானுங்க. விசில். ரவணப்பா டிராக்டர் மேலயே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. குமாருக்கே இத்தனை வருஷமா அறுபத்தி ரெண்டுன்னு சொல்லி வச்சிருந்தேன்.

கசங்கின சீட்டை நீவி ஜன்னல் வழியா நீட்டினேன். வாங்கினது முதலாளி.

"எட்டு நீயா?"

ஆமா சார்.

"சரக்கு?"

இல்லை சார். நான் மட்டும்தான்.

மேனேஜர் பின்னாடி நின்னு கண்ணால கெஞ்சறாரு, என்னமோ பொய் சொல்லுன்னு. எனக்கு வரலை. சொல்லிட்டேன். ரவணப்பா அண்ணன் எட்டு வாங்க மாட்டாரு சார். பின்னாடி உங்க கார் நின்னுச்சு. பயந்துட்டு நான் ஒரு நம்பரைத் தாண்டிட்டேன். ஆனா இந்த புரோகிராம் தாண்ட விடாது. அதான் நானே வந்தேன்.

"புரோகிராம் யாரு எழுதினது?"

நான்தான் சார்.

"எழுதின உன்னையே விடலையா?"

விடலை சார்.

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கம்ப்யூட்டரைப் பாத்தாரு. அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினாரு. "இவளையே விடலைன்னா வேற எவனை விடும்? ரோல்ல போடு இந்தப் பொண்ணை." சொல்லிட்டு என்னைப் பாத்து, "எறங்கும்மா, ஒம்பது வெயில்ல நிக்குது."

காலு தரைல பாவலை. ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியாம மேடைல இருந்து தள்ளிக்கிட்டே வந்தேன். திரும்பவும் விசில். அடிச்சுக்கட்டும்.

திங்கட்கிழமை கொண்டு போக வேண்டியது: ஆதார் ஜெராக்ஸ் 2, போட்டோ 3, பேங்க் பாஸ்புக்.

குமாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு நடுவுல "என்னாது? என்னாது?" அப்படின்னு மூணு தடவை கேட்டுட்டு, கத்தினான் பாரு. அவன் லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எடையை மட்டும் சொல்லலை.

கெளம்பறப்ப கேட்ல மாதையன் அண்ணன் வண்டியைப் பிடிச்சு நிறுத்தினாரு. சுத்தி யாரும் இல்லையான்னு பாத்துக்கிட்டாரு. "எட்டு வாங்கின, வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு. திங்கட்கிழமை மச்சான் லோடு வருதும்மா. அந்த எட்டை அவனுக்கு எடுத்து வைக்க முடியுமா?"

வரிசைல நிக்கச் சொல்லுங்கண்ணான்னேன்.